எந்தக் கிழமை வருவீர்கள்?

பணி ஓய்வுக்குப் பிறகு தொண்டு செய்ய விரும்புவோரிடமிருந்து சென்ற இதழில் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு எங்கள் வாசகி ஒருவர் இங்கே பதில் அளிக்கிறார். அவர் 34 ஆண்டுகள் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கடந்த 11 ஆண்டுகளாகத் திருச்சிராப்பள்ளியில் அரசு மருத்துவமனை ஒன்றின் புறநோயாளிகள் பிரிவில் தன்னார்வலராக இருப்பவர்.

கேள்வி: வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து, 60 வயதில் ஓய்வு பெற்று ஐந்து மாதங்கள் ஆகின்றன. எங்கள் பகுதியிலுள்ள நடுநிலைப் பள்ளிக்குச் சென்று, என்னால் இயன்ற சேவையைச் செய்ய விரும்புவதாகத் தலைமையாசிரியரிடம் சொன்னேன். தேநீர் கொடுத்தார்கள், புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள், "அவசியம் கூப்பிடுகிறோம் ஐயா" என்றார்கள். மூன்று மாதமாக அழைப்பு இல்லை. முதியோர் இல்லம் ஒன்றிலும் இதே அனுபவம்தான். எங்களைப் போன்றவர்கள் யாருக்கும் தேவைப்படவில்லையா, அம்மா?
– ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர், தஞ்சாவூர்

பதில்: தேவை நிறைய இருக்கிறது. ஆனால் உங்களை எதற்காகக் கூப்பிடுவது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தொடங்கி, சத்துணவு, கணினியில் ஏற்ற வேண்டிய விவரங்கள், நான்கு நாளாக வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆள் அனுப்புவது என்று தலைமையாசிரியருக்கு மூச்சுவிட நேரம் இருப்பதில்லை. அந்த நேரத்தில் ஒரு பெரிய மனிதர் வந்து "இயன்றதைச் செய்கிறேன்" என்று நின்றால், அவருடைய தகுதிக்கேற்ற வேலையைத் தேடிக் கொடுப்பதே தலைமையாசிரியருக்கு இன்னொரு வேலையாகிவிடுகிறது. அதனால்தான் தேநீரோடும் புகைப்படத்தோடும் நின்றுபோகிறது.

மறுபடியும் அதே பள்ளிக்குப் போங்கள். இந்த முறை, "செவ்வாயும் வெள்ளியும் மாலை மூன்று மணியிலிருந்து நான்கு மணி வரை வருகிறேன், ஆறாம் வகுப்பில் தமிழ் வாசிக்கத் தடுமாறுகிற ஐந்து பிள்ளைகளை மட்டும் என்னிடம் விடுங்கள், ஆசிரியர்கள் கண்ணில் படும்படி தாழ்வாரத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன்" என்று கேளுங்கள். கிழமை, நேரம், வேலை ஆகிய மூன்றையும் நீங்களே கொண்டுபோனால், தலைமையாசிரியர் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொன்னால் போதும். அறிமுகமில்லாத ஒருவரைப் பிள்ளைகளோடு பழகவிடப் பள்ளி தயங்குவதும் சரியான தயக்கமே. அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல், பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் உங்களை அறிமுகப்படுத்தும்படி நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த அந்தக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை என்பதால், உங்களை ஊர் ஏற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது.

இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைக்குப் போன முதல் வாரத்தில், புறநோயாளிகள் வரிசையை எப்படிச் சீரமைக்கலாம் என்று நான்கு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதிக்கொண்டுபோய்ப் பொறுப்புச் செவிலியரிடம் கொடுத்தேன். கிளை மேலாளராக இருந்த பழக்கம் அது. அவர் அதைப் பொறுமையாக முழுவதும் படித்தார். மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்கம்மா. எந்தக் கிழமை வருவீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்குப் போய் நின்றேன். முதல் மூன்று மாதம் நான் செய்ததெல்லாம், ஓ.பி. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று திகைத்து நிற்பவர்களை எக்ஸ்ரே அறைக்கும் ரத்தப் பரிசோதனை அறைக்கும் கூட்டிக்கொண்டு போனதுதான். அந்த நடையில்தான், வரிசை எங்கே தேங்குகிறது, ஏன் தேங்குகிறது, அதில் யார் அதிகம் தவிக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குப் புரிந்தது. என்னுடைய நான்கு பக்கக் குறிப்பில் பாதிக்கு மேல் பிழை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அந்த நாட்களில் லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வருவார். சர்க்கரைக்கு ஒன்று, ரத்தக் கொதிப்புக்கு ஒன்று என்று அவருக்குக் கொடுக்கும் மாத்திரைகள் இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம். உறையின் மேல் 1-0-1 என்று மருந்தாளுநர் எழுதித்தான் தருவார், ஆனால் பாட்டிக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. மருந்தாளுநரின் அனுமதியோடு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காலைக்குரிய உறையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் சூரியனும் இரவுக்குரிய உறையில் நீல நிறத்தில் பிறையும் வரைந்து கொடுத்தேன். அடுத்த மாதம் பழைய உறைகளை மஞ்சள் பைக்குள் பத்திரமாக மடித்துக் கொண்டுவந்து, "நிலாவ மட்டும் கொஞ்சம் பெருசாப் போட்டுக் குடு தாயி, ராத்திரியில கண்ணு தெரியல" என்றார். அன்றைக்கு நான் செய்த மாற்றம், பிறையைப் பெரிதாக வரைந்ததுதான்.

உங்களிடம் வருவாய்த் துறை அறிவு இருக்கிறது. முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்குத் தகுதி இருந்தும் விண்ணப்பம் போடத் தெரியாமலும், போட்ட விண்ணப்பம் ஏன் தள்ளுபடியானது என்று புரியாமலும் இருக்கிற முதியவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். கிராம நிர்வாக அலுவலர் என்ன பார்ப்பார், வருவாய் ஆய்வாளர் எதைக் கேட்பார், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் கோப்பு எந்த இடத்தில் நிற்கும் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துபடி. இ-சேவை மையத்துக்கு உடன் சென்று ஆவணங்களைச் சரிபார்த்துக் கொடுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: உங்களிடம் பணியாற்றியவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லி, உங்கள் ஆளை வரிசைக்கு முன்னால் கொண்டுபோகாதீர்கள். பின்னால் தள்ளப்படுகிறவரும் ஒரு முதியவராகத்தான் இருப்பார்.

கேள்வி: அரசு செவிலியராக 36 ஆண்டுகள் பணியாற்றினேன். வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளைப் பார்க்கச் செல்லும் குழு ஒன்றில் சேர விரும்புகிறேன். "இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் பார்த்தது போதாதா" என்கிறார் கணவர். சென்னையிலிருக்கும் மகளோ, பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னை வரச் சொல்கிறாள். நான் நினைப்பது தன்னலமா?
– ஓய்வுபெற்ற செவிலியர், நாகர்கோவில்

பதில்: தன்னலம் இல்லை, சகோதரி. ஆண்கள் ஓய்வு பெற்றால் 'இனி என்ன செய்யப் போகிறீர்கள்' என்று கேட்கிற வீடு, பெண்கள் ஓய்வு பெற்றால் 'இனி எங்களோடு இருப்பீர்கள்' என்று முடிவே செய்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் நடந்தது. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் பெரிய வேலைதான், அதைத் தாழ்வாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அது வரையறை இல்லாமல் நீண்டுகொண்டே போகக்கூடிய வேலை என்பதால், மகளிடம் மாதக் கணக்கில் பேசுங்கள். குழந்தைக்கு ஒரு வயது முடியும் வரை என்றோ, ஆண்டுக்கு நான்கு மாதம் என்றோ இப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டால், மகளும் காப்பகம், பணி நேரம் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வாள்.

உங்கள் கணவரின் கேள்விக்குள்ளும் ஒரு நியாயம் இருக்கிறது. இரவுப் பணிக்கும் பண்டிகை நாள் பணிக்கும் உங்களை அனுப்பிவிட்டு, 36 ஆண்டுகள் அவரும் காத்திருந்திருக்கிறார். எனவே அவரையும் உடன் அழைத்துச் செல்ல முடியுமா என்று பாருங்கள். வீடு வீடாகச் செல்லும் குழுக்களுக்கு வண்டி ஓட்டவும், நோயாளியின் வீட்டுக்கு அரிசி மளிகை கொண்டுபோய்ச் சேர்க்கவும், திண்ணையில் உட்கார்ந்து நோயாளியின் மகனோடு பேசவும் எப்போதும் ஆள் வேண்டும். உள்ளே நோயாளியைக் கவனிக்கும்போது வெளியே குடும்பத்தாரோடு இருக்கிற ஆளுக்கு உள்ள மதிப்பை, போய்ப் பார்த்தால்தான் அவர் உணர்வார்.

உங்கள் ஊரிலிருந்து எல்லையைத் தாண்டினால் கேரளம், இந்தப் பணிக்கு நாட்டிலேயே முன்மாதிரியான மாநிலம். பாலியேட்டிவ் கேர் என்று எல்லோரும் சொல்லும் நோய்த் தணிப்புச் சிகிச்சைக்காக 1993இல் கோழிக்கோட்டில் ஒரு சங்கம் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது மலப்புறம் மாவட்டத்துக்குப் பரவியபோது, மருத்துவர்களின் கையிலிருந்து அக்கம்பக்கத்து மக்களின் கைக்கு மாறியது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடியவர்கள், அவர்கள் ஆசிரியரோ கடைக்காரரோ மாணவரோ, முறையான பயிற்சி பெற்று, தங்கள் பகுதி நோயாளிகளுக்குப் பொறுப்பேற்றார்கள். 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வழங்கப்படுகின்றன. அந்தக் குழுக்கள் வந்துபோன பின் மீதமிருக்கிற நீண்ட நாட்களில்தான் உங்களைப் போன்றவர்களின் தேவை இருக்கிறது.

செவிலியராக இருந்தவர்களுக்கு இதில் ஒரு கடினமான பாடம் உண்டு. தன்னார்வலராகச் செல்லும்போது, குழுவின் மருத்துவரோ செவிலியரோ கேட்டுக்கொண்டாலொழிய ஊசியும் மருந்தும் உங்கள் வேலை அல்ல. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, முதுகுக்கு அடியில் தலையணையை எங்கே வைப்பது என்று அந்த வீட்டு மருமகளுக்குக் கைபிடித்துக் காட்டிக் கொடுங்கள். நீங்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் இருப்பீர்கள், அவர் நாள் முழுவதும் அங்கேயே இருப்பவர். அந்த மருமகள் கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினார் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியை அவரிடம் பெரும்பாலும் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: தன்னார்வப் பணிக்கு மதிப்பூதியம் வாங்குவது சரியா?
– ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியை, விழுப்புரம்

பதில்: வாங்கலாம். 2021இல் உங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கற்பித்த தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்பட்டது. அதனால் அவர்களுடைய உழைப்பின் மதிப்பு குறைந்துவிடவில்லை. ஓய்வூதியம் இல்லாத ஒருவருக்குப் பேருந்துக் கட்டணமே பெரிய செலவு. சம்பளம் இல்லாமல்தான் தொண்டு என்று வற்புறுத்தினால், வசதியுள்ளவர்கள் மட்டுமே தொண்டு செய்ய முடியும் என்றாகிவிடும். உங்களுக்குத் தேவையில்லை என்றால் பெற்றுக்கொள்ளாதீர்கள், ஆனால் பக்கத்தில் பெற்றுக்கொள்கிறவருக்கு முன்னால் அதைச் சொல்லிக்காட்ட வேண்டாம்.

கேள்வி: தொண்டு செய்தால் முதுமையில் உடலும் நினைவாற்றலும் நன்றாக இருக்கும் என்கிறார்களே, அது உண்மையா? அல்லது நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதா?
– ஓய்வுபெற்ற பொறியாளர், நெய்வேலி

பதில்: பொறியாளருக்குரிய கேள்வி. தொண்டு செய்கிற முதியவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று மட்டும் காட்டும் ஆய்வுகளை நாம் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். நடக்க முடிகிறவர்கள்தானே தொண்டு செய்ய வெளியே வருகிறார்கள்? ஆரோக்கியம் காரணமா, விளைவா என்பது அதிலிருந்து தெரியாது.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் வகையில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு சோதனை நடந்தது. எக்ஸ்பீரியன்ஸ் கோர் என்ற அந்தத் திட்டத்தில், 60 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 15 மணி நேரம் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத் தந்தார்கள், நூலக வேலையிலும் உதவினார்கள். விரும்பியவர்களில் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் பள்ளிக்கு அனுப்பி, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு சிறு பிரிவினரின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, வயதானால் சுருங்கக்கூடிய நினைவாற்றல் தொடர்பான பகுதி, பள்ளிக்குச் சென்ற ஆண்களிடம் இரண்டு ஆண்டுகளின் முடிவில் சுருங்காமல் சற்றே பெரிதாகியிருந்தது. எல்லோரிடமும் ஒரே அளவில் பலன் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்த 15 மணி நேரம். எப்போதாவது ஒரு நாள் முகாமில் தலைகாட்டியவர்கள் அல்லர் அவர்கள். குளித்து, உடுத்தி, நேரத்துக்குப் புறப்பட்டு, பள்ளியின் மாடிப்படி ஏறி, பிள்ளைகளின் பெயரை நினைவில் வைத்து, நேற்று எங்கே விட்டோம் என்று யோசித்துத் தொடங்கினார்கள். உடலுக்கும் மூளைக்கும் வேலை கொடுத்தவை இவையே என்பது என் எண்ணம். அதற்காக நீங்களும் 15 மணி நேரம்தான் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. வாரம் மூன்று மணி நேரமாக இருந்தாலும் தவறாமல் போங்கள்.

கேள்வி: எனக்கு 71 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மாடி வீடு, படி இறங்குவதே கடினம். வீட்டுக்குள் இருந்தபடியே பயனுள்ள ஏதேனும் செய்ய முடியுமா?
– ஓய்வுபெற்ற அச்சகப் பிழைதிருத்துநர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியே ஏற்பட்டது, ஐயா. ஏனென்றால், உங்களுக்காகவே காத்திருப்பதுபோல ஒரு வேலை இருக்கிறது.

1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், உலகின் பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் தன்னார்வத்தால் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தருகிற முயற்சி. அதைப் போலவே தமிழ் விக்கிமூலத்தில், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல்லாயிரம் பக்கங்கள் பட வடிவில் கிடக்கின்றன. கணினி அந்தப் படத்தைப் பார்த்து எழுத்தாக மாற்றித் தரும். அது தவறாகப் படித்த இடங்களை மனிதர் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். அவர் பார்த்து முடித்த பக்கம் மஞ்சள் நிறமாகும். இரண்டாவது ஒருவர் சரிபார்த்த பின் பச்சை நிறமாகும். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு காலைப் பொழுதில் ஏழெட்டுப் பக்கங்கள் முடியும்.

இதில் உங்களுக்கு, இன்றைய இளைஞர்களுக்கு இல்லாத ஒரு தகுதியும் இருக்கிறது. 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் அச்சான நூல்களில் லை, ளை, னை, ணை எல்லாம் யானைத் துதிக்கை போல மேலே வளைந்த கொம்போடு இருக்கும். றா, னா, ணா ஆகியவற்றுக்குத் தனிக் கால் இராது, எழுத்தோடு சேர்ந்த சுழி இருக்கும். கணினி அந்த இடங்களில் தடுமாறுகிறது. கல்லூரி மாணவர்களும் ஒரு கணம் நின்றுதான் படிக்கிறார்கள். நீங்களோ தொடக்கப் பள்ளியில் அந்த எழுத்தில்தான் பாடம் படித்திருப்பீர்கள். அச்சகத்தில் அதே எழுத்தில் பிழையும் திருத்தியிருப்பீர்கள். ரகரத்தையும் துணைக்காலையும் கணினி மாற்றிப்போட்டிருக்கும் இடம் உங்கள் கண்ணுக்கு ஓடுகிற ஓட்டத்திலேயே தட்டுப்படும். தமிழ்த் தட்டச்சு வராது என்றால் பேரனிடமோ பேத்தியிடமோ ஒரு வாரம் கேட்டுப் பழகுங்கள். தொடக்கத்தில் நாளுக்கு ஒரு பக்கம் போதும்.

கண் சோர்ந்துபோகும் நாட்களில், பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடநூலை வாசித்துப் பதிவுசெய்து அனுப்பலாம். கைப்பேசி ஒன்றே போதும். பக்க எண்ணைச் சொல்லி வாசிக்கத் தொடங்குங்கள், அட்டவணை வந்தால் கட்டம் கட்டமாக நிதானமாகச் சொல்லுங்கள். தேர்வுக்கு முந்தைய மாதம்தான் அவர்களுக்கு அவசரம் அதிகம் என்பதால், ஒப்புக்கொண்ட பாடத்தை முன்கூட்டியே முடித்துக் கொடுத்துவிட வேண்டும்.

கேள்வி: ஆண்டுதோறும் ரத்த தானம் செய்துவந்தேன். ஓய்வுக்குப் பிறகும் தொடரலாமா?
– ஓய்வுபெற்ற போக்குவரத்துக் கழக நடத்துநர், திருநெல்வேலி

பதில்: ஏற்கெனவே கொடுத்துவருகிறவர், மருத்துவர் தகுதி பார்த்த பின் 65 வயது வரை கொடுக்கலாம். முதன்முறையாகக் கொடுப்பவருக்கு 60 வயதே எல்லை. அதற்குப் பிறகு ஆட்களைச் சேர்க்கலாம். கூட்டத்தைச் சமாளித்து, பெயர் கேட்டு, சில்லறை பார்த்து, வரிசையில் உட்கார வைக்கிற பழக்கம் உங்களுக்கு இருப்பதால், ரத்த தான முகாமில் பதிவு மேசை உங்களுடையதாக இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் 40 பேர் இருக்கிறோம். முதியோர் நலனுக்காக ஓர் அறக்கட்டளை பதிவு செய்யலாம் என்று ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பெயர், பொறுப்பாளர் விஷயத்தில் கருத்து வேறுபாடு. உங்கள் ஆலோசனை என்ன?
– சங்கச் செயலாளர், சேலம்

பதில்: அறக்கட்டளையை ஒத்திவையுங்கள். ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போதும். வருகிற நவம்பரில் வேலையைத் தொடங்குங்கள்.

நவம்பர் ஏன் என்றால், மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டிய மாதம் அது. 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலிருந்தே கொடுக்கலாம். ஜீவன் பிரமாண் என்ற மின்னணு முறை 2014இல் வந்த பிறகும், என் வங்கிக் கிளையில் நான் கண்ட காட்சி இதுதான்: வாழ்நாளெல்லாம் இரும்பையும் சுண்ணாம்பையும் தொட்டு உழைத்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். கருவியில் விரலை வைப்பார்கள், ஏற்காது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார்கள், அப்போதும் ஏற்காது. உயிரோடு எதிரே நிற்கிற மனிதர், தாம் உயிரோடு இருப்பதை நிரூபிக்க முடியாமல் தலை குனிந்து நிற்பதைப் பார்ப்பது எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது. 2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டிச் சான்று பெறும் வசதி கைப்பேசியிலேயே வந்துவிட்டது. விரல் ரேகை இல்லாமலும் முடிகிறது. ஆனால் அந்தச் செயலியை இறக்கி, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வைத்து, கண்ணைச் சிமிட்டச் சொல்லி, கடைசியில் வரும் எண்ணைக் குறித்துக் கொடுக்க ஒருவர் வேண்டுமே? உங்களில் கைப்பேசி நன்றாகக் கையாளத் தெரிந்த பத்துப் பேர் முறைவைத்து உட்கார்ந்தால், ஒரு மாதத்தில் உங்கள் பகுதி முழுவதும் முடித்துவிடலாம். வர முடியாதவர்களின் வீட்டுக்கு இருவராகச் செல்லுங்கள்.

இருவராக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பணத்தோடு தொடர்புடைய எந்த உதவியையும் தனியாகச் செய்யக் கூடாது. ஏ.டி.எம். அட்டையைக் கையில் வாங்காதீர்கள். ரகசிய எண்ணைக் கேட்காதீர்கள், அவர்களாகவே சொன்னால் தடுத்துவிடுங்கள். கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை அவர்களே பார்த்து அவர்களே உள்ளிடட்டும்; எழுத்து தெரியாதவராக இருந்தால், அவருடைய குடும்பத்தார் ஒருவர் உடனிருக்கும்போது மட்டும் உதவுங்கள். நீங்கள் நேர்மையானவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் உங்களிடம் எண்ணைச் சொல்லிப் பழகிய முதியவர், நாளைக்குத் தொலைபேசியில் மேலாளர் என்று சொல்லிப் பேசுகிற ஏமாற்றுக்காரனிடமும் அதே நம்பிக்கையோடு சொல்லிவிடுவார். ஓய்வூதியம் முழுவதையும் இப்படி இழந்து வங்கியில் வந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு விதியில் தளர்ச்சி காட்டினால் உங்கள் மேசை நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்துவிடும்.

மேசைக்கு வருகிறவர்களில் சிலர், சான்று முடிந்த பிறகும் எழுந்து போகாமல் இருப்பார்கள். வீட்டில் சாப்பாடு போடுவதில்லை என்பார்கள், அல்லது மகன் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டான் என்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்காக முதியோர் உதவி எண் 14567ஐ மேசையில் பெரிதாக எழுதி வையுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம் என்பதைச் சொல்லுங்கள். குடும்பத்துக்குள் புகுந்து நீங்களே பஞ்சாயத்துப் பேச வேண்டாம். ஒரு நவம்பர் முடிந்த பிறகு பாருங்கள், 40 பேரில் யார் தவறாமல் வந்தார்கள் என்பது தெரிந்துவிடும். பொறுப்பாளர் யார் என்ற விவாதத்துக்கு அப்போது தேவையே இராது.

கேள்வி: என் மனைவி சென்ற ஆண்டு கார்த்திகையில் புற்றுநோயால் இறந்தார். எனக்கு 66 வயது. வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்காமல், அவர் சிகிச்சை பெற்ற மருத்துவமனையிலேயே நோயாளிகளுக்கு உதவப் போகும்படி மகன்கள் சொல்கிறார்கள். துக்கம் மறக்கும் என்கிறார்கள். போகட்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் மகன்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் நோயாளியின் படுக்கை அருகே நிற்கும்போது, அந்த முகத்தில் உங்கள் மனைவியைத்தான் பார்ப்பீர்கள். அவர் தம் துயரத்தைச் சொல்ல வாயெடுக்கும்போது, உங்கள் துயரம் முந்திக்கொள்ளும். நெருங்கியவரை இழந்தவர்களை, ஓராண்டாவது கடக்கட்டும் என்று நோய்த் தணிப்புக் குழுக்கள் காத்திருக்கச் சொல்வது இதனால்தான். என் கணவர் இறந்தபோது, ஏற்கெனவே அங்கே பல ஆண்டுகள் பழகியிருந்த நானே ஏழு மாதம் மருத்துவமனைப் பக்கம் போகவில்லை. பொறுப்புச் செவிலியர் வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவார், எப்போது வருகிறீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அதற்காக வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லவில்லை. கைக்கு வேலை தருகிற, அதிகம் பேச வேண்டியிராத ஓர் இடத்துக்கு வாரம் இரண்டு முறை போய்வாருங்கள். கிளை நூலகத்தில் புத்தகங்களை வரிசைப்படுத்தவும் கிழிந்த அட்டைகளை ஒட்டவும் ஆள் போதாது. வாசகர் வட்டத்தின் மூலம் கேட்டால் மறுக்க மாட்டார்கள். கோயிலில் உழவாரப் பணிக்குச் செல்கிற குழுவோடு சேரலாம். நந்தவனத்தில் களை எடுக்கிறவரிடம் யாரும் கதை கேட்பதில்லை. உங்கள் மனைவி வைத்த செம்பருத்திக்கு இன்றும் காலையில் தண்ணீர் ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தை மாற்றிக்கொள்ளாமல், அதற்குப் பிறகு கிளம்பும்படியான வேலையாகப் பாருங்கள்.

வருகிற கார்த்திகை கடந்த பிறகும் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று தோன்றினால், தாராளமாகப் போங்கள். அவரோடு அந்தத் தாழ்வாரங்களில் மாதக் கணக்கில் காத்திருந்த உங்களுக்கு, எந்த நாற்காலியில் மின்விசிறிக் காற்று வரும் என்பதுகூடத் தெரிந்திருக்கும். ஆனால் முதல் சில மாதங்களுக்கு அவர் இருந்த கட்டடத்தைத் தவிர்த்து, வேறு கட்டடத்தில் பணி கேளுங்கள். ஏன் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.